இந்திராணி வாய் திறந்த சனிக்கிழமை

கோவர்த்தனனுக்கு மொபெட் ஓட்டத் தெரியும், மீன் வெட்டத் தெரியும், தராசு பிடிக்கத் தெரியும். கூவ மட்டும் வராது. அதற்கென்றேதான் பின்சீட்டில் அவன் பெண்டாட்டி இந்திராணி உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஐஸ் பெட்டி, நடுவில் அவன், பின்னால் அவள். வரதய்யபாளையத்துக்கும் சத்தியவேட்டுக்கும் இடையில் இருக்கிற ஊர்களில் அந்த வண்டியைத் தெரியாதவர் கிடையாது.

இருட்டு கலையும்போதே தடா போய் ஏரி மீன் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டும். எங்கள் ஊரில் தமிழ்த் தெரு மூன்று, தெலுங்கு வீதி இரண்டு. தமிழ்த் தெருவில் நுழையும்போதே, "எம்மா சந்திரம்மா, மடவ மீனு வந்துகீது! ஊட்டுக்கு மருமவன் வந்துகீறானாமே, எறா எட்த்துக்கோ!" என்று கேட்கும். மூலை திரும்பித் தெலுங்கு வீதியில் கால் வைத்ததும் அதே தொண்டை, "சேப்பலம்மா, ரொய்யலம்மா, ரண்டம்மா ரண்டி!" என்று மீனையும் இறாலையும் தெலுங்குக்கு மாற்றிக்கொள்ளும். யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள், யாருக்கு நண்டு ஆகாது, யார் நேற்றுப் பேரம் பேசிவிட்டு வாங்காமல் போனார்கள், எல்லாம் அந்தக் கூவலுக்குள் இருக்கும். வாங்காதவர்கள்கூட வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

கொரோனா வந்த வருஷம் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கூவினாள். துணிக்குள்ளிருந்து சத்தம் வெளியே வரவேண்டுமென்று இரண்டு மடங்கு கத்தினாள். அப்போது பிடித்த தொண்டைக் கம்மல் விடவே இல்லை. மிளகு கடித்தாள், சித்தரத்தையை வாயில் அடக்கினாள், பனங்கற்கண்டைக் கரைத்துக் குடித்தாள். குரல் நாளுக்கு நாள் கிழிந்துகொண்டே வந்தது. அடுத்த வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு காலை, தெலுங்கு வீதியில் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. விளையாடுகிறாள் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். அவள் வண்டியை விட்டு இறங்கி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஒலிபெருக்கி வாங்கிப் பார்க்காமல் இல்லை. மகள் கலைவாணியின் குரலைப் பதிந்து, வண்டியின் முன்னால் கட்டினார்கள். பழைய இரும்புக்காரன், வெங்காயக்காரன், உப்புக்காரன் எல்லோரிடமும் அதே மாதிரி ஒரு பெட்டி இருந்தது. ஒருத்தரும் தலை நிமிரவில்லை. "மடவ எப்படிம்மா?" என்று யாராவது கேட்டால் பெட்டி பதில் சொல்லுமா? கோவர்த்தனன் ஏதோ முணுமுணுத்தான். சாவுச் செய்தி சொல்ல வந்தவன் மாதிரி வாசலில் நின்றுகொண்டு, "மீனு வேணுங்களா" என்று கேட்பவனிடம் யாருக்கு வாங்கத் தோன்றும்? பாதி மீனை வீட்டுக்கே கொண்டுவந்து கருவாடு போட்டான்.

கலைவாணி ஸ்ரீசிட்டியில் செல்போன் கம்பெனிக்குப் போகிறவள். லீவு போட்டு அம்மாவைத் திருப்பதிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் மூக்கு வழியாகக் குழாயை விட்டு, டிவியில் தொண்டையைக் காட்டினார்.

"கையக் காட்டுங்கம்மா," என்றார். இந்திராணியின் உள்ளங்கையில் ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கிக் காய்ப்பு இருந்தது. "இதேதான் உள்ளயும். கத்திக் கத்திக் காய்ச்சுப்போச்சு. கேன்சர் கீன்சர் ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. ஆனா நான் சொல்ற வரைக்கும் வாயே திறக்கக் கூடாது. முணுமுணுக்கக்கூடக் கூடாது. அப்புறம் புதுசா பேசக் கத்துக்கணும். கத்துக்காம பழையபடி கத்தினா, ஆபரேஷன்தான்."

"பேசறதுக்கு யார்கிட்ட சார் கத்துக்கறது?" என்று கேட்ட கலைவாணி, முன்பே தேடி வைத்திருந்த ஒரு வகுப்பைப் போனில் எடுத்துக் காட்டினாள். டாக்டர் பெயரைப் பார்த்துச் சிரித்தார். "யமுனா மேடமா? என்கிட்ட வர்ற பாட்டுக்காரங்க, வாத்தியாருங்க எல்லாரையும் நான் அங்கதான் அனுப்பறேன். சேத்து விடு."

இந்த யமுனா மேடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புத்தூர்க்காரர். நாற்பது வருஷம் மேடையில் ராணியாகவும் பிச்சைக்காரியாகவும் நின்றவர். தன் முகம் தெரியாமலே எத்தனையோ சினிமாக் கதாநாயகிகளுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் குரல் கொடுத்தவர். கொரோனாவில் நாடகக் கொட்டகையெல்லாம் பூட்டிக் கிடந்தபோது, இந்த வயதில் இனி என்ன என்று உட்காரவில்லை. திருப்பதியில் வீட்டுக் கூடத்துத் தரையில் ஒரு பாயைப் போட்டு, எதிரே போனை நிறுத்தி, வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டார். பஹ்ரைனில் இருக்கிற நர்ஸ், பெங்களூர் கம்ப்யூட்டர்காரன், சித்தூர் பள்ளிக்கூட டீச்சர் என்று கட்டம் கட்டமாக முகங்கள். அதில் ஒரு கட்டத்தில், அரிசி டின்மேல் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால், எங்கள் இந்திராணி.

முதல் நாள் ஒவ்வொருவரும் தங்களைப் பற்றிச் சொன்னார்கள். அம்மாவின் முறை வந்ததும் கலைவாணி பேச வாயெடுத்தாள்.

"நீ சொல்லாதம்மா. அவங்களே சொல்லட்டும், கையால," என்றார் மேடம்.

இந்திராணிக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. அப்புறம் மெல்ல எழுந்தாள். இல்லாத மொபெட்டின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டது. பெட்டியைத் திறந்து ஒரு மீனை எடுத்தாள். அது வழுக்கியது, பிடித்தாள். சட்டென்று கையை உதறி விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"கெளுத்தி! முள்ளு குத்திடுச்சு!" என்று மேடம் கைதட்டிச் சிரித்தார். பஹ்ரைனிலும் பெங்களூரிலும் சிரித்தார்கள். குரல் போன நாளிலிருந்து இந்திராணி சிரித்தது அன்றுதான். சத்தம் வரக்கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

புரட்டாசி பிறந்தது. தமிழ்த் தெருக்களில் மீன் வாசனை நின்றது. கோவர்த்தனன் தெலுங்கு வீதிகளுக்கு மட்டும் போய்வந்தான். இந்திராணி வீட்டிலேயே இருந்தாள். பேச்சுக்குப் பேர்போனவள் ஒரு வார்த்தை பேசாமல் துணி துவைக்கிறாள், தண்ணீர் பிடிக்கிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? கோவர்த்தனனின் அக்கா மணியம்மா பக்கத்து வீடு. அவளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். மணியம்மா யோசிக்கவே இல்லை. ஏழுமலையானுக்கு மொக்கு, மௌன விரதம் என்று சொல்லிவிட்டாள். வேண்டுதலை மொக்கு என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வோம். புரட்டாசி மாதத்தில், மலைக்கு இத்தனை கிட்டத்தில் இருந்துகொண்டு, அதைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயந்தரம் அவர்கள் வீட்டில் சண்டை.

"டேய் கோவர்த்தனா, தொண்டையில காய்ப்புன்னு சொன்னா இன்னா நெனப்பாங்க? கேன்சருன்னு சொல்லிப்புடுவாங்க. ஆத்தாளுக்கு இருந்தா பொண்ணுக்கும் வரும்னுவாங்க. நாளைக்கி இவள கேட்டுக்கினு எவன் வருவான்?"

"அதுக்குன்னு பெருமாள இழுக்கறதா? பெருமாளுக்கு வெரதம் இருந்துக்கினு மீனு விக்கறோம்னா சிரிக்க மாட்டாங்களா அக்கா?"

"நீ விக்கற. அவ விக்கலியே."

"எனக்கோசரம் பொய்யி சொல்லாத அத்த," என்றாள் கலைவாணி. "காய்ப்புன்னு கேட்டுட்டு ஓடறவன் ஓடட்டும்."

"ஓடட்டுமாம்! கம்பெனி பஸ்ஸுல போய்க்கினு வந்துக்கினு இருந்தா அல்லாம் தெரிஞ்சிருமா? நீ வாய மூடிக்கினு சும்மா இருடி."

பேச வேண்டியவளால் பேச முடியவில்லை. இந்திராணி கையை ஆட்டி ஆட்டி வேண்டாமென்றாள். காய்ப்பை வெளியே சொல்ல வேண்டாம் என்கிறாள் என்று, அதைக்கூட மணியம்மா தனக்குச் சாதகமாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

பொய்க்கு இறக்கை முளைக்க மேடத்தின் பாடங்களே உதவின. தினமும் ஏழு மணிக்கு வகுப்பு. முதலில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு புத்தகத்தை வைத்து, மூச்சில் அது ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். "நெஞ்சத் தூக்காதீங்க. கீழ போகட்டும் மூச்சு. வயிறு தானா உப்பும்," என்று மேடத்தின் குரல் வரும். இந்திராணி வைத்துக்கொண்டது கலைவாணியின் பழைய தெலுங்குப் பாடப்புத்தகம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த சந்திரம்மா, படுத்திருந்தவளின் வயிற்றில் ஒரு புத்தகம் மேலும் கீழும் போவதைப் பார்த்துவிட்டுத் தெருவெல்லாம் சொன்னாள். மறுநாளைக்குள் அது பாகவதமாகிவிட்டது. இன்னொரு பாடம், தண்ணீர் பாட்டிலுக்குள் ஸ்ட்ராவை விட்டு, சத்தமில்லாமல் ஒரே சீராகக் குமிழி விடுவது. குமிழி அறுபடாமல் வந்தால் மூச்சு கட்டுக்குள் இருக்கிறது என்று அர்த்தமாம். அந்தத் தண்ணீரைத் தீர்த்தமென்று கேட்டு ஒரு பெண் டம்ளரோடு வந்து நின்றாள். இந்திராணி பாட்டிலைப் பின்னால் ஒளித்துக்கொண்டு ஓடினாள். கிடைத்தற்கு அரியது என்று அதற்கும் மதிப்பு கூடிவிட்டது.

நாங்கள் அப்படித்தான். ஒருத்தி கூவிக்கொண்டிருந்தவரைக்கும் அவளிடம் விலை பேசுவோம். வாயை மூடிக்கொண்டாளா, காலைத் தொடப் போய்விடுவோம்.

வந்து உட்கார்ந்து, வீட்டுக் குறையெல்லாம் சொன்னார்கள். மருமகள் சண்டை, கம்பெனியில் வேலை போனது, கம்பெனிக்கு நிலம் கொடுத்துக் கிடைத்த பணத்தை மகன் குடித்து அழித்தது. இந்திராணி முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். எதிரே இருப்பவர் பேசும்போது அவர் மூச்சு எங்கே நிற்கிறது, எங்கே இடறுகிறது என்று கவனிக்க வேண்டுமென்று மேடம் வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார். அதைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள். வந்தவர்கள் அதுவரை அப்படி ஒருத்தர் தாங்கள் சொல்வதைக் கேட்டுப் பார்த்ததே இல்லை. மனசு லேசாகித் திரும்பினார்கள். அது சாமி காரியம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவர்களில் நாள் தவறாமல் வந்தவள் ரத்னம்மா. கடைசி வீட்டுக்காரி, புருஷன் இல்லாதவள். ஒரே மகன் ஜெயபிரகாஷ் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனவன். பொங்கலுக்கு அப்புறம் அவனிடமிருந்து போனே இல்லை.

"கடைசியா பேசினப்போ சளி புட்சிக்கினு இருந்திச்சு இந்திராணி. கசாயம் வெச்சி குட்றான்னேன். இங்க எவம்மா வெச்சி குடுப்பான்னான். அவ்ளோதான். அப்பறம் எப்ப போட்டாலும் சுவிச் ஆப்பு. ஏஜெண்டு ஊட்டுக்கு நடக்கறேன், கலெக்டராபீசுக்கு நடக்கறேன். அல்லாரும் வருவான் போம்மான்றாங்க. சோறு வடிக்கிறப்போ அவனுக்கும் சேத்து வடிச்சிர்றேன். மறந்துபூடுது. காலைல அந்தச் சோத்த நாய்க்குப் போட மனசு வரல. நானே தண்ணி ஊத்தித் துன்னுடறேன்."

சொல்லிவிட்டு ரத்னம்மா அவள் முகத்தையே பார்ப்பாள். "நீ வாய் தொறக்கறன்னிக்கி மொத வார்த்த எனக்குச் சொல்லணும். வருவானா மாட்டானான்னு ஒரு வார்த்த. பெருமாளு ஒன் நாக்குல வந்து சொல்லட்டும். மாட்டான்னு சொன்னாலும் தாங்கிப்பேன்." தாங்க மாட்டாள் என்பது அவள் மூச்சிலேயே தெரிந்தது.

புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை விரதம் முடிகிறது, அன்றைக்கு இந்திராணி வாக்கு சொல்வாள் என்று மணியம்மா தானே நாள் குறித்துத் தானே அறிவித்தும் விட்டாள். நாகலாபுரம் வரைக்கும் செய்தி போயிற்று.

வியாழக்கிழமை திருப்பதியில் டாக்டர் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார். காய்ப்பு சுருங்கியிருந்தது. இனி பேசலாம், மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக என்றார். கலைவாணி பஸ் ஸ்டாண்டிலேயே அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பேசும்மா, ஏதாச்சும் சொல்லும்மா" என்று கெஞ்சினாள். இந்திராணி மகளின் கன்னத்தைத் துடைத்தாள். பேசவில்லை. முதல் வார்த்தையைக் கேட்டிருந்த ரத்னம்மா நெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பில், மற்றவர்கள் போனபிறகு கலைவாணி எல்லாவற்றையும் மேடத்திடம் சொன்னாள். மொக்கு, தீர்த்தம், வாக்கு, ரத்னம்மா. முதலில் மேடம் சிரித்தார். ரத்னம்மா பெயர் வந்ததும் சிரிப்பு நின்றது.

"இன்னா சொல்றதுன்னு தெரியாம அம்மா தவிக்குது மேடம். வருவான்னு சொன்னா அந்தம்மா நிம்மதியா தூங்கும். நாளைக்கி அவன் வரலன்னா? மொத வார்த்தையா மீனு வேணுமான்னு கேட்டுட்டுப் பூடலாம்னா, அந்தம்மா மூஞ்சி எப்டி பாக்கறது?"

"என்ன சொல்றதுன்னு நான் எப்படிம்மா சொல்வேன்? அது அவங்க வசனம்," என்றார் மேடம். பிறகு போனுக்குக் கிட்டே வந்து, "இந்திராணி, ஒண்ணு பண்ணுங்க. கைய தொண்டையில வைங்க. சத்தம் வேண்டாம். 'வந்துருவான்'னு உதட்டால மட்டும் சொல்லிப் பாருங்க. உங்களுக்கு அது நிஜமாத் தெரியும்கற மாதிரி."

இந்திராணி சொன்னாள். விரலுக்குக் கீழே தொண்டை கல்லாக இறுகியது. அவளே திடுக்கிட்டுக் கையை எடுத்தாள்.

"பாத்தீங்களா? நான் வேதாந்தம் பேசல, இது வெறும் சதைதான். நம்பாதத சொன்னா அது இறுகும். நடிக்கறவங்க அதத் தளர்த்தறதுக்கு வருஷக்கணக்கா பாடுபடணும். நீங்க நடிக்கணும்னு அவசியமில்ல. இறுகாம எந்த வார்த்தை வருதோ, அதுதான் உங்களோடது. சத்தமாவும் சொல்ல வேண்டாம். யாருக்குச் சொல்றீங்களோ அவங்க காதுக்குப் போய்ச் சேந்தா போதும்."

நாற்பது வருஷம் அடுத்தவர் எழுதின வசனத்தைப் பேசிய ஒருவர், தான் ஒரு வசனமும் எழுதிக் கொடுக்காமல் விட்டார் பாருங்கள். அதற்காகவே அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

சனிக்கிழமை காலையில் மழை மோடமாக இருந்தது. நாகலா மலைப் பக்கம் கருகருவென்று திரண்டு நின்றது. மணியம்மா இந்திராணி வீட்டு வாசலில் சாணம் தெளித்து, பெரிய கோலம் போட்டு, நடுவில் நாற்காலி போட்டு அதன்மேல் மஞ்சள் புடவையை விரித்திருந்தாள். துளசி, கற்பூரம், சர்க்கரைப் பொங்கல். தெரு கொள்ளாத கூட்டம். தெலுங்கு வீதிக்காரர்களும் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். மீன் பெட்டி கண்ணில் படக்கூடாதென்று கோவர்த்தனன் மொபெட்டைக் கொண்டுபோய் எங்கேயோ நிறுத்தியிருந்தான். கோலத்தின் ஓரத்தில், ஈரத்தரையில், ரத்னம்மா எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.

இந்திராணி வெளியே வந்தாள். "கோவிந்தா" என்று யாரோ குரல் கொடுக்க எல்லோரும் கோவிந்தா போட்டார்கள். மணியம்மா கற்பூரத்தட்டோடு நாற்காலியைக் காட்டினாள். இந்திராணி நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய், ரத்னம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அவள் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மூச்சை உள்ளே இழுத்தாள். நெஞ்சு அசையவில்லை, வயிறு உப்பியது. அதைப் பக்கத்தில் நின்றிருந்த நாங்கள் பார்த்தோம்.

"அக்கா," என்றாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா."

கிழிசல் இல்லாத குரல். அவள் அத்தனை தாழ்ந்த குரலில் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. ஆனாலும் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"ஏ இந்திராணி!" என்று மணியம்மா தட்டை நீட்டினாள்.

"இருங்க அண்ணி, சொல்லிட்றேன். வெரதமும் இல்ல, மொக்கும் இல்ல. கத்திக் கத்தி எனக்குத் தொண்ட காச்சிப்போச்சு. டாக்டரு பேசக்கூடாதுன்னாரு. இப்ப பேசச் சொல்லிட்டாரு. எம் பொண்ண கட்றவன் இதத் தெரிஞ்சிக்கினே வரட்டும்." மறுபடி ரத்னம்மாவின் பக்கம் திரும்பினாள். "ஜெயபிரகாஷு எங்க கீறான்னு எனக்குத் தெரியாதுக்கா. வருவான்னு சொல்ல எனக்கு வாய் வரல. வரமாட்டான்னு சொல்லவும் வரல. தெரியாது, அவ்ளோதான்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "மோசம்" என்றது ஒரு குரல். தெலுங்கு வீதிப் பெண்கள் சிலர் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு நடந்தார்கள். மணியம்மா தட்டைத் தரையில் வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கலைவாணி வாசற்படியில் நின்று அழுதுகொண்டே சிரித்தாள். தூற்றல் விழ ஆரம்பித்தது.

ரத்னம்மா மட்டும் அசையவில்லை. அவள் இடிந்துபோய்விடுவாள் என்று எல்லோரும் பயந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் தன் கைகள் கிடந்த இந்திராணியின் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அல்லாரும் தெரிஞ்ச மாதிரியே சொன்னாங்க இந்திராணி," என்றாள் கடைசியில். "ஏஜெண்டு சொன்னான், ஆபீசுல சொன்னாங்க, ஊரே சொல்லிச்சு. தெரியாதுன்னு நீ ஒருத்திதான் சொன்ன." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. இந்திராணி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மழை வலுத்தது. மஞ்சள் புடவை நனைந்து நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது. யாரும் எடுக்கவில்லை.

அழுது ஓய்ந்து, மூக்கைச் சிந்தி, எழுந்து நின்றாள் ரத்னம்மா. இரண்டடி போனவள் திரும்பினாள். அவள் முகத்தில் புதிதாக ஒரு பயம் வந்திருந்தது.

"இனிமேட்டு நீயும் பேச ஆரம்பிச்சிருவியே," என்றாள். "நா சொல்றத கேப்பியா?"

"கேக்கறேன்க்கா," என்றாள் இந்திராணி. "சாயந்தரம் வா."